நூறு டாலர் ராக் இசைத்தட்டு: அந்த விலைக்குள் என்ன இருக்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் வசிக்கும் அவருடைய அக்கா சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறார். வரும்போது ஒரு டர்ன்டேபிளையும், ‘ஆடியோஃபைல்’ (ஒலித்தரத்தில் பித்துக் கொண்டவர்களுக்கான) மறுபதிப்பு என்ற பெயரில் விற்கும் பழைய ராக் ஆல்பங்கள் நான்கையும் வாங்கிவரச் சொல்லலாமா, ஒவ்வொன்றும் நூறு டாலரைத் தாண்டுகிறதே, அந்த விலைக்கு அதில் என்ன இருக்கிறது, மதுரை வெயிலில் அவை தாங்குமா, இங்கே காயலாங்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஹெச்.எம்.வி. தட்டுகளே போதாதா என்பவை அவருடைய கேள்விகள். முப்பது ஆண்டுகளாகத் தட்டு சேர்த்து வருபவன், அதில் கணிசமான பணத்தை வீணாகவும் தொலைத்தவன் என்ற தகுதியில் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை. காயலாங்கடைத் தட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சிட்ட பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட் தட்டுகள் பலவற்றில், இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பள்ளம் வெட்டப்பட்ட மூலத் தட்டிலிருந்து வந்த உலோக அச்சுகளே பயன்பட்டிருக்கின்றன. லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், லண்டன் தட்டில் இருக்கும் அதே மேட்ரிக்ஸ் எண், அதாவது எந்த வெட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எண், சில தட்டுகளில் தெரியும். இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலையில் அச்சான தட்டு என்றால் இன்னொரு சுவையான குறிப்பும் அங்கே கிடைக்கும். எத்தனையாவது ஸ்டாம்பரில், அதாவது தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சில், அச்சானது என்பதை அவர்கள் எழுத்துகளால் குறித்தார்கள். ‘கிராமோஃபோன் லிமிடெட்’ என்பதைச் சுருக்கிப் பத்து ஆங்கில எழுத்துகளாக்கி, ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்று கடைசி எழுத்தான டி வரை போய் அதைச் சுழியமாக வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது முதல் சில நூறில் ஒன்றா, தேய்ந்துபோன அச்சில் வந்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் நம் ஊரில் கிடைக்கும் பழைய தட்டின் குறை அச்சில் இல்லை, அது வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. என் பெரியப்பா வாடிப்பட்டியில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று அவருடைய தட்டுகள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத் தட்டுகள் மைக் செட்டுக்குப் போவதில்லை. கல்லூரி விடுதி அறைகளிலும் மருத்துவர் வீடுகளிலும், கொடைக்கானலை விட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டுக் குடும்பங்கள் விட்டுச்சென்ற பெட்டிகளிலும் இருந்தே அவை எனக்குக் கிடைத்தன. அங்கும் அவை ஓடியது பெரும்பாலும் ‘ஃபியஸ்டா’ போன்ற சூட்கேஸ் பிளேயர்களில்தான். அவற்றின் செராமிக் பிக்கப், இன்றைய கருவி தரும் இரண்டு கிராம் அழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தோடு முள்ளைத் தட்டின்மேல் வைக்கும். முள்ளை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இப்படிப்பட்ட தட்டைத் துடைத்து எடுத்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். ஓடவிட்டால் பாடகர் ‘ச’ என்று உச்சரிக்கும் இடமெல்லாம் சீறும். கீறலைக் கண்ணால் பார்த்துவிடலாம், தேய்மானத்தைக் காதால்தான் பார்க்க முடியும். எனவே கடைக்காரர் ஓட்டிக் காட்டாத தட்டுக்குப் பெரிய விலை தராதீர்கள்.

மறுபதிப்பு இந்தச் சிக்கலிலிருந்து விடுதலை தருகிறது. யாருடைய முள்ளும் படாத தட்டு. ஆனால் அதற்கு மட்டுமென்றால் முப்பது டாலர் சாதாரண மறுபதிப்பே போதும். மீதி எழுபது டாலருக்கு மூன்று கேள்விகளின் விடையை வாங்குகிறீர்கள்: எந்த டேப்பிலிருந்து வந்தது, அந்த ஒலியைப் பள்ளமாக யார் வெட்டியது, எந்த ஆலையில் அச்சானது.

டேப் விஷயம் இது. 1960களிலும் 70களிலும் ஒரு ஆல்பம் பல தடங்களில் பதிவாகி, கடைசியில் கால் அங்குல அகல ஸ்டீரியோ டேப்பில் கலவையாக இறங்கும். அதுதான் மாஸ்டர். பிற நாடுகளுக்குப் பெரும்பாலும் அதன் நகலோ நகலின் நகலோ போகும். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், தாளக் கருவிகளின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். நல்ல மறுபதிப்பாளர் என்பவர் முதல் டேப் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அதை வெளியே எடுக்க உரிமையாளரிடம் அனுமதி வாங்குபவர். எல்லா டேப்பும் இருந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீ, ஏராளமான மூல டேப்புகள் இருந்த கிடங்கையும் கொண்டுபோயிற்று. அதன் அளவு 2019இல்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

அடுத்தது வெட்டுபவர். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். டேப்பில் இருப்பதை அப்படியே தட்டில் இறக்கிவிட முடியாது. தாழ்ந்த ஒலி பள்ளத்தை அகலமாக ஆட்டும். அதனால் 1950களில் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. விதிப்படி, வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து உயர்ந்த ஒலியைக் கூட்டி, கேட்கும்போது ஃபோனோ ஆம்ப்ளிஃபயரில் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்படியும் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் பாட்டு, எவ்வளவு சத்தம், எவ்வளவு பேஸ் என்ற மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு வெட்டுபவரின் கையில் இருக்கிறது. 1969இல் லெட் ஸெப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை பாப் லட்விக் யாருக்கும் பயப்படாமல் வெட்டினார். அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அஹ்மத் எர்டெகனின் மகளிடம் இருந்த மலிவான பிளேயரில் முள் துள்ளிக் குதித்ததாகவும், அதனால் அந்த வெட்டு கைவிடப்பட்டு அடக்கமான வேறொரு வெட்டு வந்ததாகவும் லட்விக் பல முறை சொல்லியிருக்கிறார். வெற்று வளையத்தில் அவருடைய முதலெழுத்துகள் கீறப்பட்ட அந்த முதல் பதிப்பைத்தான் இன்று உலகமே துரத்துகிறது. ஒரே டேப், ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம். கேட்டால் வேறு வேறு ஆல்பம். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்துவான்கள் பாடுவது போலத்தான்.

இன்று அந்தப் பெயர்கள் கெவின் கிரே, பெர்னி கிரண்ட்மன், கிறிஸ் பெல்மன், ரயன் ஸ்மித் என்று போகும். உறையின்மேல் ஒட்டியிருக்கும் தங்கநிற ஸ்டிக்கரைப் படிப்பதற்கு முன் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டியவர் யார் என்றே சொல்லாத ‘ஆடியோஃபைல்’ பதிப்பை நான் வாங்குவதில்லை.

விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம் 45 வேகம். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது ஏறக்குறைய 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒரு நொடி இசையை அதில் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒலி கரகரக்கும். 45 வேகத்தில் சுற்றினால் உள்ளே 28 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அதோடு பாட்டுகளை இரண்டு தட்டுகளாகப் பிரித்துவிட்டால், முள் லேபிளுக்கு அருகே போக வேண்டிய தேவையே இல்லை. ஃபிளீட்வுட் மேக்கின் 1977ஆம் ஆண்டு ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தை ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் இப்படி இரண்டு தட்டுகளாக வெட்டி 2011இல் வெளியிட்டார்கள். மறுபதிப்பு முதல் பதிப்பை மிஞ்சலாம் என்று நான் நம்பத் தொடங்கியது அதைக் கேட்ட பிறகுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும் என்பதுதான் தொல்லை. வயதானவர்களுக்கு நல்ல உடற்பயிற்சி என்று என் மனைவி சொல்கிறார்.

‘ஹாஃப் ஸ்பீட்’ என்று எழுதியிருந்தால், டேப்பையும் வெட்டும் இயந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓட்டி வெட்டியது என்று பொருள். உயர்ந்த ஒலிகளை வெட்டும் முனை பதறாமல் எழுதும். தாழ்ந்த ஒலி சில பதிப்புகளில் சற்று வலுவிழந்து இருக்கும் என்பது என் காது சொல்வது. ‘ஒன் ஸ்டெப்’ என்பது அச்சு வார்ப்பதில் உள்ள படிகளைக் குறைப்பது. வழக்கமாக, வெட்டிய லாக்கர் தட்டின்மேல், அதாவது மென்பூச்சுள்ள மூலத் தட்டின்மேல், உலோகம் படியவைத்து ஒரு வார்ப்பு, அதிலிருந்து ‘மதர்’, அதிலிருந்து ஸ்டாம்பர் என்று மூன்று தலைமுறை ஆகும். ஒன் ஸ்டெப்பில் முதல் வார்ப்பையே ஸ்டாம்பராக்கிவிடுகிறார்கள். அது தேய்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து வெட்ட வேண்டும். செலவு ஏறுவது நியாயம்தான். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2016இல் சந்தானாவின் ‘அப்ராக்சஸ்’ ஆல்பத்தோடு இந்த வரிசையைத் தொடங்கியது.

அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் 2022ஆம் ஆண்டு விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்ற பட்டையை உறையின் தலையில் போட்டு விற்றுவந்த அவர்களுடைய தட்டுகள், டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்டவை என்றே எல்லோரும் நம்பினார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை ஒன் ஸ்டெப்பில் 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக அறிவித்தபோது, அத்தனைக்கு அந்த டேப்பை எத்தனை முறை ஓட்டியிருக்க முடியும் என்ற ஐயம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில், அரிசோனாவில் தட்டுக்கடை நடத்தும் ஒருவர் அதைப் பொதுவில் சொல்ல, நிறுவனத்தின் பொறியாளர்களே உண்மையை ஒப்புக்கொண்டார்கள்: 2011 முதல் பல பதிப்புகளில், டேப்பை முதலில் டி.எஸ்.டி. என்ற உயர்தர டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்தே வெட்டியிருக்கிறார்கள். வழக்கு நடந்தது, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரும் உடன்பாடும் ஏற்பட்டது.

இதில் என் கருத்து பலருக்கும் பிடிக்காது. டிஜிட்டல் படி இருந்ததை நான் குற்றமாக நினைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விற்றதுதான் குற்றம். பதினோரு ஆண்டுகள், அனலாகின், அதாவது டிஜிட்டல் கலக்காத ஒலியின், மணம் தனியே தெரிகிறது என்று அந்தத் தட்டுகளைப் புகழ்ந்தவர்களில் ஒருவர்கூடக் காதால் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான். 1970களின் இறுதியிலிருந்தே பல வெட்டுக்கூடங்களில், அடுத்து வரும் சத்தத்துக்கு ஏற்பப் பள்ளத்தின் இடைவெளியை முன்கூட்டியே சரிசெய்வதற்காக டிஜிட்டல் தாமதக் கருவி ஒன்றை நடுவில் வைத்திருந்தார்கள். ‘சுத்த அனலாக்’ என்று நாம் கொண்டாடும் எண்பதுகளின் தட்டுகள் சிலவற்றில் அது கலந்திருக்கும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 1985ஆம் ஆண்டு ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பதிவானதே டிஜிட்டல் டேப்பில்தான். அதற்கு முழு அனலாக் பதிப்பு தேடுவது கருவாட்டுக் குழம்பில் சைவம் தேடுவது போல. மறுபக்கம், பீட்டில்ஸின் 2012ஆம் ஆண்டு ஸ்டீரியோ தட்டுகள் டிஜிட்டல் கோப்பிலிருந்தும், 2014ஆம் ஆண்டு மோனோ (ஒற்றை ஒலித்தட) தட்டுகள் மூல டேப்பிலிருந்து நேராகவும் வெட்டப்பட்டவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மோனோ பெட்டிதான் வெல்கிறது. அதில் அனலாகுக்கு எவ்வளவு பங்கு, பீட்டில்ஸே உட்கார்ந்து கவனித்துச் செய்த அந்த மோனோ கலவைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆலையைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் பல்லாஸ், ஆப்டிமல், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சலைனா நகரில் இருக்கும் கியூ.ஆர்.பி. ஆகியவற்றின் தட்டுகளில் எனக்குக் குறை குறைவாகவே வந்திருக்கிறது. மோசமான அச்சு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து ஒரு தட்டை வரவழைத்தேன். விலையும் அஞ்சலும் சுங்கமும் சேர்ந்து என் ஒரு மாதப் பெட்ரோல் செலவைத் தாண்டியது. நடுத்துளை மயிரிழை விலகி இருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கி, பியானோ கமகம் போட்டுப் பாடியது. திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையைவிட அதிகம் என்பதால் அது இன்னும் என்னிடமே இருக்கிறது. 180 கிராம் எடை, வண்ணப் பிளாஸ்டிக், எண்ணிட்ட பிரதி ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் தராதீர்கள். எடை கூடினால் கைக்குக் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது டர்ன்டேபிள். இதில்தான் உங்கள் அக்காவை நான் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துவிடலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த டர்ன்டேபிள்கள் ஹெர்ட்ஸைப் பிடித்தே சுற்றுபவை. அப்படிப்பட்ட அமெரிக்க மாடலை இங்கே போட்டால் 33⅓க்குப் பதில் ஏறக்குறைய 27.8 சுற்றுதான் சுற்றும். பாடகர் ஒன்றரைக் கட்டை இறங்கித் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் என்றால் பிரச்சினை இல்லை. எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டர்ன்டேபிளை இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டு, அக்காவிடம் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மட்டும் சொல்லுங்கள். ஆடியோ டெக்னிக்காவின் வி.எம்.95 வரிசையில், கார்ட்ரிட்ஜை மாற்றாமல் முள்ளை மட்டும் படிப்படியாக உயர்த்திக்கொள்ளலாம். அதிலுள்ள மைக்ரோலைன் முள், பக்கத்தின் கடைசிப் பாட்டைச் சாதாரண முள்ளைவிட எவ்வளவோ சுத்தமாக எடுக்கிறது. நூறு டாலர் தட்டைத் தேய்ந்த முள்ளில் ஓட்டுவதைவிட, முப்பது டாலர் தட்டை நல்ல முள்ளில் ஓட்டுவது மேல்.

வெயிலைப் பற்றிய உங்கள் அச்சம் பாதி சரி. 40 டிகிரி அறைக்குத் தட்டு ஒன்றும் ஆகாது, செங்குத்தாக நின்றிருக்கும்வரை. படுக்கவைத்து அடுக்கினாலும், சாய்வாக விட்டாலும் இரண்டு கோடையில் நெளிந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியறையும் மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியும் கூடாது. நிறுத்திவைத்த காரில் வெப்பம் 60 டிகிரியை நெருங்கிவிடும் என்பதால், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகும் வழியில் தட்டைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; திரும்பி வரும்போது அது அப்பளமாகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகித உள்ளுறைகள் பூஞ்சை பிடிக்கும். பாலித்தீன் உள்ளுறைக்கு மாறிவிடுங்கள். தூசிக்கு, ஓட்டுவதற்கு முன் கார்பன் ஃபைபர் பிரஷ். ஆழமாகக் கழுவ, டிஸ்டில்டு வாட்டரில் சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஒரு சொட்டு வாசனையில்லாத சோப்பும் கலந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். பெரியப்பாவின் தட்டு ஒன்றை நான் அப்படித்தான் கொன்றேன்.

ஆகவே நான்கு தட்டு வேண்டாம், இரண்டு வாங்கிவரச் சொல்லுங்கள். மிச்சப் பணம் முள்ளுக்குப் போகட்டும். எந்த இரண்டு என்பதை விமர்சகர்களிடம் கேட்காதீர்கள். எந்த ஆல்பம் உங்களுக்கு மனப்பாடமோ, எதில் அடுத்த டிரம் அடி எங்கே விழும் என்று உடம்புக்கே தெரியுமோ, அதையே தேர்ந்தெடுங்கள். தெரியாத ஆல்பத்தில் நல்ல வெட்டுக்கும் சுமாரான வெட்டுக்கும் வேறுபாடு பிடிபடாது. வாங்கும் முன், தட்டுகளின் பதிப்பு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்தப் பதிப்பின் வெற்று வளைய எழுத்துகளைப் பார்த்து, வெட்டியவர் பெயர் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆல்பத்துக்கு ஒரே ஆண்டில் இரண்டு மூன்று பதிப்புகள் வந்திருக்கும்.

அக்கா தட்டுகளைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். புதிதாக இருந்தாலும் மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரித்து, தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே இருந்தால், பை குலுங்கும் ஒவ்வொரு முறையும் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தை அறுத்து, மதுரை வந்து சேர்வதற்குள் கிழித்துவிடும்.